ராமேசுவரத்தோடு திரும்பலாமா, ராமநாதபுரத்துக் கிராமங்களையும் பார்க்கலாமா?

கொங்குநாட்டான் (ஈரோடு)

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் முடிந்த மறுவாரம் பெற்றோர், மனைவி, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் ஆகியோருடன் நான்கு நாள் பயணமாக ராமேசுவரம் வர எண்ணியிருக்கிறேன். அப்பாவுக்கு 74 வயது, நன்றாக நடப்பார். அம்மாவுக்கு 69 வயது, மூட்டுவலி உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வந்தபோது எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்று ஓடினோம். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடி, உடை மாற்றி, வரிசையில் நின்று சந்நிதியை நெருங்குவதற்குள் மதிய நடை சாத்தும் நேரம் வந்துவிட்டது. அமர்த்தியிருந்த வண்டிக்காரர் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்ததால், தனுஷ்கோடிச் சாலையில் பாதி வழியிலேயே திரும்ப வேண்டியதாயிற்று. அம்மா அதை இன்றும் சொல்லி வருந்துகிறார்.

இம்முறை தீவுக்கு இரண்டு நாள் ஒதுக்கிவிட்டேன். மீதி இரண்டு நாளைக் கொடைக்கானலில் கழிக்கலாம் என்கிறார் மனைவி. எனக்கோ ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களைப் பார்க்கும் ஆசை இருக்கிறது. உறவினர்களிடம் சொன்னால், ‘அந்தத் தண்ணியில்லாக் காட்டில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது’ என்று கேட்கிறார்கள். அந்தப் பகுதியை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

சேதுக்கரையான் (உச்சிப்புளி)

ஐயா, வணக்கம். ‘தண்ணியில்லாக் காடு’ என்ற சொல்லைக் கேட்டே வளர்ந்தவன் நான். அரசு ஊழியரை மிரட்டுவதற்கு எங்கள் மாவட்டத்தின் பெயரைத்தான் சொல்வார்கள். ஆனால் நீங்கள் வரப்போவது தை மாதத்தில். ஐப்பசியும் கார்த்திகையும் ஓரளவு பெய்திருந்தாலே, தை மாதத்தில் கண்மாய்கள் தளும்பி நிற்கும், வயலில் நெல் முற்றியிருக்கும், மிளகாய்ச் செடி பூத்திருக்கும். அந்த ஒரு மாதத்தையாவது பார்த்துவிட்டு எங்கள் ஊரைப் பற்றிப் பேசுங்கள் என்று உங்கள் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

முதலில் தீவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். முதல் நாளே தீர்த்தமாட வேண்டாம். விடியற்காலை 5 மணிக்கு ஸ்படிகலிங்க தரிசனம் இருக்கும். அதை முடித்துக்கொண்டு, கூட்டம் பெருகுவதற்கு முன் மூன்றாம் பிராகாரத்தை நிதானமாகச் சுற்றி வாருங்கள். 1,212 தூண்கள் கொண்ட அந்த நீண்ட பிராகாரத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பார்த்தால், நடந்து வருகிற மனிதர் சுண்டுவிரல் அளவில் தெரிவார். தீர்த்தமாடுவதை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கிணற்று விளிம்பில் நிற்பவர்கள் வாளியை இறக்கி, இரண்டே இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் ஊற்றிவிட்டு அடுத்தவரை அழைப்பார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து, ஈரத் தரையில் இருபத்திரண்டு இடங்களுக்கு நடப்பது அம்மாவுக்குக் கடினம். அக்னி தீர்த்தக் கடலில் கால் நனைத்துவிட்டு, முடிந்த தீர்த்தங்களில் மட்டும் அவர் நீராடினால் போதும். பெரியவர்கள் பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஈர உடையோடு சந்நிதிக்குள் விடமாட்டார்கள் என்பதால் மாற்றுடையைக் கையிலேயே வைத்திருங்கள்.

தனுஷ்கோடிக்கு மாலையில் போகாதீர்கள். காலை 7 மணிக்கெல்லாம் சாலை முடியும் அரிச்சல்முனையில் இருக்க வேண்டும். எங்கள் மீனவர்கள் தீவின் வடக்கே இருக்கும் பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் சொல்வார்கள். அங்கே நின்றால் அந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும்: ஒரு பக்கம் ஏரி போல நீர் கிடக்கும், மறுபக்கம் அலை எழுந்து அடிக்கும். அங்கே யாரும் குளிக்கக் கூடாது. இரண்டு நீரோட்டங்களும் கூடும் இடம் அது, காலடி மணலே நழுவிப்போகும். திரும்பும் வழியில் கோதண்டராமர் கோயிலில் இறங்குங்கள். 1964 புயலில் தப்பி நின்ற கோயில் அது.

தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. கடலுக்குள் கட்டிய நடைமேடையின் முடிவில் ஒரு கிணறு. சுற்றிலும் உப்புநீர், உள்ளே குடிக்கத் தகுந்த நீர். அம்மாவுக்கு நடக்கும் தூரமும் அதிகமில்லை. பேக்கரும்பில் 2017 ஜூலையில் திறக்கப்பட்ட அப்துல் கலாம் நினைவகம் அதே சாலையில்தான் இருக்கிறது. மகளுக்காக இன்னொன்றும் சொல்கிறேன். நீங்கள் காரில் வந்தாலும், மகளை மட்டும் அப்பாவோடு ராமநாதபுரத்தில் ரயிலேற்றி விடுங்கள். 1914இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிற்று. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலத்தில் ஓடுகிறது. பழைய பாலத்தில் தொழிலாளர்கள் கையால் சுற்றித்தான் தூக்குப் பகுதியை இரண்டாகப் பிரித்துத் திறப்பார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே எழும்புகிறது.

ஓலைச்சுவடி (பரமக்குடி)

பள்ளியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. தீவையும் உள்நாட்டையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் தவறு. நீங்கள் வியந்து நடக்கப்போகும் மூன்றாம் பிராகாரம் தீவில் விளைந்த செல்வத்தால் எழுந்ததன்று. மணலும் பனையும் மீனும் தவிர அத்தீவில் வேறு எதுவும் இல்லை. கல்லைக்கூடக் கடல் கடந்துதான் கொண்டுவந்தார்கள். அந்தச் செலவைத் தாங்கியது கண்மாய்ப் பாசனத்தில் விளைந்த மறவர் சீமை. அதை ஆண்ட மன்னர்கள் தங்களைச் சேதுவின் காவலர் என்று கருதியதால்தான் சேதுபதி என்று பெயர் கொண்டார்கள். பிராகாரத்தை 18ஆம் நூற்றாண்டில் முடித்தவர் முத்துராமலிங்க சேதுபதி. மேற்கு வாயிலில் அவருடைய சிலை நிற்கிறது. அதைப் பார்த்த பிறகு அவர் முன்னோர்களின் அரண்மனையைப் பார்க்காமல் திரும்புவது பாதிக் கதையோடு எழுந்து போவதைப் போன்றது.

ராமநாதபுரம் நகரில் உள்ள ராமலிங்க விலாசம் கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம். மாநிலத் தொல்லியல் துறை அதைக் காத்துவருகிறது. சுவர் முழுக்க ஓவியங்கள். ராமாயணமும் பாகவதமும் எங்கும் பார்க்கலாம். இங்கே சிறப்பு என்னவென்றால், அன்றைய அரசியலையே சுவரில் எழுதியிருக்கிறார்கள். தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், மதுரை விஜயரங்க சொக்கநாதர் முன்னிலையில் சேதுபதி பெறும் ரத்தினாபிஷேகம், மன்னரைக் காண வந்த ஐரோப்பியர் என்று வரிசையாக வருகின்றன. மகளை அந்த ஐரோப்பியர்களின் தொப்பியையும் காற்சட்டையையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்துப் பழகாத உடையை ஓவியர் எப்படிப் புரிந்துகொண்டு வரைந்திருக்கிறார் என்பது தெரியும்.

தீவின் மேற்கு முனையில் குந்துகால் என்ற இடமும் இருக்கிறது. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரியில் அங்கேதான் இறங்கினார். பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு வரவேற்றார். நினைவு மண்டபம் சிறியது, கடல் காற்று மட்டும் நிறைய இருக்கும்.

நீர்ப்பறவை (மதுரை)

பறவை பார்ப்பதற்காகப் பல ஆண்டுகளாக அந்தப் பகுதிக்குப் போய்வருகிறேன். தை மாதம் என்பதால் சொல்கிறேன்: ராமநாதபுரம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் ஆகிய நான்கு கண்மாய்கள் ராம்சார் தலங்களாக, அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டுள்ளன. முதல் இரண்டும் 2022இல், மற்ற இரண்டும் 2025இல் பட்டியலில் சேர்ந்தன. இவற்றில் சக்கரக்கோட்டை ராமநாதபுரம் நகரை ஒட்டியே இருக்கிறது. அம்மா வண்டியை விட்டு இறங்காமலேகூடப் பார்க்கலாம். நீருக்குள் நிற்கும் கருவேல மரங்களின் மேல் மஞ்சள்மூக்கு நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் அடுக்கடுக்காகக் கூடு கட்டியிருக்கும். தொலைவிலிருந்து பார்த்தால் மரம் வெள்ளைத் துணி போர்த்தியது போலத் தெரியும்.

ஆனால் ஒரு கவலையையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இப்படிப்பட்ட இழைகளில் ஊர் பெயரை எழுதும்போதே எனக்குத் தயக்கம் வருகிறது. ஒருமுறை கரையில் நின்றிருந்தபோது, ஒரு வேனில் வந்த இளைஞர்கள் பறவைகள் பறப்பதைப் படம் பிடிப்பதற்காகக் கைதட்டிக் கூச்சலிட்டார்கள். கூட்டில் இருந்த பறவைகள் மொத்தமாக எழுந்தன. அந்தச் சில நிமிடங்களுக்குள் காகங்கள் கூடுகளில் இறங்கி முட்டைகளைக் கொத்திச் சென்றதைக் கண்ணால் கண்டேன். கண்மாய்க்குக் கூட்டம் வராமல் இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென 2025 ஜூனில் சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். அவற்றைச் சாலையோரத்திலிருந்தே பார்க்கலாம், யாருக்கும் இடையூறு இல்லை.

பனங்காட்டு மகள் (சாயல்குடி)

நீர்ப்பறவை ஐயாவின் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் ‘கூட்டம் வராமல் இருப்பதே நல்லது’ என்ற சொல்லை ஏற்க முடியவில்லை. தீவுக்கு நாள்தோறும் வண்டி வண்டியாக மக்கள் வருகிறார்கள். எங்கள் ஊர்களைத் தாண்டித்தான் போகிறார்கள், ஒரு தேநீருக்குக்கூட நிறுத்துவதில்லை. என் சித்தி பனை ஓலையில் கொட்டானும் பெட்டியும் முடைகிறார். ஒரு கொட்டான் முடிக்க அரை நாளாகும். ஓலையை வார்ந்து, நனைத்து, சாயம் தோய்த்து, விரல் நுனி வெடிக்க வெடிக்க முடைகிறார். அதை வாங்கிப் போகும் வியாபாரி ராமேசுவரத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்கிறார். வருகிறவர்கள் எங்கள் ஊருக்கே வந்து வாங்கினால் அந்தப் பணம் சித்தியின் கைக்கு வரும்.

கூட்டம் வந்தாலும் கெடாமல் இருக்க வழி இருக்கிறது என்பதற்குக் காரங்காடே சாட்சி. தொண்டிக்குத் தெற்கே உள்ள அந்த மீனவக் கிராமத்தில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். படகோட்டுபவர்களும் சமைத்துப் பரிமாறும் பெண்களும் அந்த ஊர்க்காரர்கள்தான். காட்டை வெட்டினால் படகு நின்றுவிடும் என்பது ஊருக்கே தெரிந்திருப்பதால், அவர்களே காவலும் இருக்கிறார்கள். கண்மாய்க்கரையிலும் அப்படி ஓர் ஏற்பாடு இருந்தால், கைதட்டுகிறவனை முதலில் தடுப்பவர் எங்கள் ஊர்ப் பெரியவராகத்தான் இருப்பார்.

கொங்குநாட்டான் ஐயாவுக்கு: தை மாதத்தில் பனங்கிழங்கு கிடைக்கும். அவித்த கிழங்கை நடுவே பிளந்து, நரம்பை உருவி எறிந்துவிட்டு, கருப்பட்டியோடு சாப்பிட வேண்டும். பதநீர் வேண்டுமென்றால் மாசிக்குப் பிறகுதான்.

நீர்ப்பறவை (மதுரை)

சகோதரி சொல்வது நியாயம். காரங்காட்டுக்கு நானும் போயிருக்கிறேன். படகு அலையாத்தி மரங்களுக்கிடையே நுழைந்ததும் படகோட்டி இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டார்; சத்தம் போட்ட பயணி ஒருவரை அவரே அமைதியாக இருக்கச் சொன்னார். கண்மாய்களுக்கு அத்தகைய ஏற்பாடு வரும்வரை, கரையை விட்டு இறங்காமல், ஒலிப்பானை அடிக்காமல், ட்ரோன் பறக்கவிடாமல் பாருங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வராதீர்கள் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

கொங்குநாட்டான் (ஈரோடு)

அனைவருக்கும் நன்றி. கொடைக்கானல் இல்லை என்று வீட்டில் முடிவாகிவிட்டது. இரண்டு கேள்விகள். தனுஷ்கோடியில் இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் மகள் பார்க்க விரும்புகிறாள். இணையத்தில் ‘பேய் நகரம்’ என்று படித்திருக்கிறாள். அவளுக்கு என்ன சொல்லி அழைத்துப் போவது? இன்னொன்று, கடைகளில் பவளப்பாறையும் ‘மிதக்கும் கல்’லும் வாங்கலாமா?

சேதுக்கரையான் (உச்சிப்புளி)

பேய் நகரம் என்ற சொல் எங்களுக்கு வலிக்கும் ஐயா. அது முன்பு சுங்கச்சாவடியும் தபால் நிலையமும் மருத்துவமனையும் துறைமுகமும் இருந்த ஊர். எழும்பூரில் ஏறியவர்கள் ரயிலிலேயே தனுஷ்கோடி வந்து, கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்புக்குப் போனார்கள். 1964 டிசம்பர் 22 இரவு புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களையும் அலை கொண்டுபோயிற்று. அந்தச் சுவர்கள் மீது ஏறிப் படம் எடுக்காமல் இருந்தால் போதும், மகளுக்கு வேறெதுவும் சொல்லத் தேவையில்லை.

மேலும், அங்கே இன்றும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கின்றன. மணல் மேட்டில் பெண்கள் கையாலேயே பள்ளம் தோண்டுவார்கள். முழங்கை ஆழம் போனதும் நீர் கசியும். கலங்கல் தெளியும்வரை காத்திருந்து, சிரட்டையால் அள்ளிக் குடத்தில் ஊற்றுவார்கள். இருபுறமும் கடல், நடுவில் கிடைக்கும் அந்த நீர் உப்புக் கரிக்காது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதால் கிடைக்கும் ஊற்று அது. வில்லூண்டியைப் பார்த்த பிறகு இதையும் பார்த்தால் உங்கள் மகளுக்குக் காரணம் விளங்கும்.

பவளப்பாறையை வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதை எடுப்பதும் விற்பதும் குற்றம். மிதக்கும் கல் என்று காட்டுவதிலும் பவளத் துண்டுகள் இருக்கின்றன. உயிருள்ள பவளத்தைப் பார்க்க வேண்டுமானால், வானிலை இடம் கொடுக்கும் நாளில் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகில் குருசடைத் தீவுக்குப் போகலாம். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் அது ஒன்று.

தொதல்கடை (கீழக்கரை)

எல்லாரும் கோயில்களையும் பறவைகளையும் சொல்லிவிட்டீர்கள். கீழக்கரையைச் சேர்க்காவிட்டால் இந்தப் பயணம் நிறைவாகாது. எங்கள் பழைய ஜும்ஆ பள்ளியைப் பாருங்கள். தூணும் அதன் தலைப்பில் உள்ள போதிகையும் கோயில் மண்டபத்தில் காண்பதைப் போலவே இருக்கும். அதே கைகள் செய்த வேலை என்று சொல்லிவிடலாம், மனித உருவம் மட்டும் இராது. வள்ளல் சீதக்காதி எங்கள் ஊர்க்காரர்; கிழவன் சேதுபதியின் உற்ற நண்பர். ஓலைச்சுவடி ஐயா சொன்ன அரண்மனைக் கதையின் மறுபாதி எங்கள் தெருவில் இருக்கிறது. தொழுகை நேரம் தவிர்த்து, தலையை மூடி, கேட்டுவிட்டு உள்ளே போகலாம். திரும்பும்போது தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் அரிசிமாவும் சேர்த்துக் கிண்டிய தொதல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் கெடாது.

தென்கடல் (தூத்துக்குடி)

மாற்றுக் கருத்து ஒன்றைப் பதிவு செய்கிறேன். நான்கு நாளில் இவ்வளவையும் பார்ப்பது, முதல்முறை ஒரே நாளில் ஓடிய அதே ஓட்டம்தான். மூட்டுவலி உள்ளவரை நாளொன்றுக்கு நான்கு இடத்தில் ஏற்றி இறக்குவது முறையன்று. உள்நாட்டுக் கிராமங்களில் நல்ல கழிப்பறை கிடைப்பதும் அரிது. பெண்களோடு பயணம் செய்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

பனங்காட்டு மகள் (சாயல்குடி)

கழிப்பறை குறித்து நீங்கள் சொல்வது உண்மை. அதை மறைக்க மாட்டேன். மாவட்டம் முழுவதும் அந்தக் குறை இருக்கிறது. அதனால்தான் கடைசி இரண்டு நாளும் ராமநாதபுரம் நகரிலேயே அறை எடுத்துத் தங்கச் சொல்கிறேன். மூன்றாம் நாள் காலை திருப்புல்லாணி, பிறகு சற்றுத் தூரத்தில் சேதுக்கரை, வெயில் ஏறுவதற்குள் அறைக்குத் திரும்பி ஓய்வு, மாலை உத்தரகோசமங்கை. அவ்வளவுதான். நான்காம் நாள் வடக்கே தேவிபட்டினமும் காரங்காடும் போதும். கீழக்கரையும் அரண்மனையும் அப்பாவும் மகளும் மட்டும் போய்வரக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன, அம்மா அறையில் இருக்கலாம்.

உத்தரகோசமங்கையை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ‘மண் முந்தியோ மங்கை முந்தியோ’ என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்; அவ்வளவு பழமையான தலம். மாணிக்கவாசகர் திருவாசகத்தில் மீண்டும் மீண்டும் அழைக்கும் ஊர். அங்குள்ள மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டுமே அது களையப்படும். நீங்கள் வரும்போது புதுச் சந்தனம் சாத்திச் சில வாரங்களே ஆகியிருக்கும். மரகதம் தெரியாது, வாசனை இருக்கும்.

கொங்குநாட்டான் (ஈரோடு)

நேற்று ஊர் திரும்பினோம். நன்றி சொல்லவே இதை எழுதுகிறேன். தென்கடல் ஐயாவின் எச்சரிக்கையை மனத்தில் கொண்டு, கீழக்கரையையும் குருசடையையும் அடுத்த முறைக்குத் தள்ளிவைத்தோம். அதில் வருத்தமில்லை. அரிச்சல்முனையில் காலை 7 மணிக்கு எங்களோடு சேர்த்துப் பத்துப் பேர்தான் நின்றிருந்தோம். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் இரண்டு கடலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அழைத்தபோது, ‘இன்னும் கொஞ்ச நேரம்’ என்றார். வில்லூண்டியில் ஒரு கை நீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு, மகளை அழைத்து அவளையும் குடிக்க வைத்தார்.

நான்காம் நாள் காரங்காட்டிலிருந்து திரும்பும்போது, எங்கள் வண்டிக்காரர் தாமாகவே ராஜசிங்கமங்கலம் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தார். ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று அதைக் காட்டினார். நாரையே ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அளவுக்குப் பெரியது என்று பொருளாம். அப்பா பவானிப் பாசனத்தில் வளர்ந்த விவசாயி. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு மடையின் அருகே குனிந்து, இவ்வளவு பெரிய கரையை எத்தனை தலைமுறை கட்டிக் காத்திருப்பார்கள் என்று கேட்டார். கரையோர வயலில் மிளகாய்ச் செடி பிஞ்சு விட்டிருந்தது. முண்டு மிளகாயைக் களத்தில் காயப்போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும் என்று அப்பா இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார். எந்த மாதத்தில் வர வேண்டும்?

பனங்காட்டு மகள் (சாயல்குடி)

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள் ஐயா. பங்குனியில் வாருங்கள். ஊர்க் களமெல்லாம் சிவப்பாக இருக்கும், காற்றடித்தால் கண் எரியும், இருமலும் வரும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய் அது. களத்திலேயே படி அளந்து வாங்கிக்கொள்ளலாம். அந்த மாதத்தில் பதநீரும் இறங்கியிருக்கும். காலை 8 மணிக்குள் வந்துவிடுங்கள். வெயில் ஏறினால் புளித்துவிடும்.